கார் சீட் துணியை வீட்டிலேயே மாற்றலாமா? ஓரத்தில் இருக்கும் இந்த டேக்கை முதலில் பாருங்க!

கார் இன்ஜின் நல்லா ஓடும். ஆனால் சீட்டைப் பார்த்தால் துணி கிழிந்து, உள்ளே இருக்கும் ஃபோம் எட்டிப் பார்க்கும். பழைய கார் வைத்திருக்கும் பலருக்கும் இருக்கும் பிரச்னை இது. குஷன் கடையில் கொடுத்தால் செலவு அதிகமாகுமே, யூடியூப் பார்த்து நாமளே மாத்திடலாமா என்ற யோசனையும் வரும்.

மாற்றலாம். ஆனால் எல்லா காரிலும் அல்ல. எந்த சீட்டில் கை வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது? படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது என்ன?

முன் சீட்டின் முதுகுப் பகுதியில், கதவை ஒட்டிய ஓரத்தைப் பாருங்கள். அங்கே 'ஏர்பேக்' என்று ஆங்கிலத்தில் எழுதிய சின்ன டேக் தைக்கப்பட்டிருந்தால், சீட்டுக்குள் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிறது என்று அர்த்தம். டேக் கிழிந்து போயிருக்கலாம் என்பதால், காரின் ஓனர்ஸ் மேனுவலையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஸ்டீயரிங்கிலும் டேஷ்போர்டிலும் இருக்கும் ஏர்பேக்குகளுக்கும் சீட் துணிக்கும் சம்பந்தமில்லை. சிக்கல் இந்தப் பக்கவாட்டு ஏர்பேக்கில்தான்.

'அதெல்லாம் பெரிய கார்லதானே இருக்கும்' என்ற எண்ணம் இனி செல்லாது. ஹூண்டாய் நிறுவனம் 2023 அக்டோபரில் இந்தியாவில் விற்கும் தன் எல்லா மாடல்களுக்கும் 6 ஏர்பேக் என அறிவித்தது. 2025-ல் மாருதி சுசூகியின் ஆல்டோ கே10 காருக்கே 6 ஏர்பேக் வந்துவிட்டது. 2014-ல் உற்பத்தி நிறுத்தப்பட்ட மாருதி 800-க்கு அப்பா காலத்தில் சீட் தைத்த அதே முறை, இன்றைய சின்ன காருக்குப் பொருந்தாது.

ஏர்பேக் சீட்டில் அப்படி என்ன ஆபத்து?

பக்கவாட்டில் மோதல் நடந்தால், கதவுக்கும் பயணிக்கும் நடுவே இருப்பது சில அங்குல இடைவெளிதான். அதனால் இந்த ஏர்பேக் கண் இமைக்கும் நேரத்துக்குள் விரிந்தாக வேண்டும். சீட்டுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் பை, துணியின் ஓரத் தையலைப் பிய்த்துக்கொண்டுதான் வெளியே வரும். அதற்காகவே கம்பெனியில் அந்த ஒரு தையலை மட்டும், அழுத்தம் வந்தால் உடனே பிரியும்படி தைக்கிறார்கள்.

அந்த இடத்தில் 'ஸ்ட்ராங்கா இருக்கட்டும்' என்று நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டால் என்ன ஆகும்? பை தாமதமாக வெளியே வரலாம், அல்லது வேறு திசையில் விரியலாம். இரண்டுமே உயிருக்கு ஆபத்து. ஓரத்தை முழுசா மூடும் ரெடிமேட் கவரை மேலே மாட்டினாலும் இதே கதைதான்.

இன்னொரு விஷயம், சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் நிற கனெக்டர். பெரும்பாலும் அது ஏர்பேக் ஒயர். அதை மல்டிமீட்டர் வைத்து சோதிப்பது, வெட்டி ஒட்டுவது இரண்டும் கூடவே கூடாது. சில கார்களில் பயணி உட்கார்ந்திருக்கிறாரா என்று கண்டுபிடிக்கும் சென்சாரும் முன் சீட்டின் துணிக்கு அடியில் இருக்கும்.

ஆக, பக்கவாட்டு ஏர்பேக் உள்ள முன் சீட்டை வீட்டில் பிரிக்காமல் இருப்பதே பாதுகாப்பு. கவர்தான் வேண்டும் என்றால், உங்கள் மாடலுக்கென்றே கார் நிறுவனம் தரும் ஏர்பேக் கவரை வாங்கலாம். மாட்டும்போது இடது, வலது மாறிவிடக் கூடாது. மாறினால், ஏர்பேக் வெளியே வர விடப்பட்ட திறப்பு எதிர்ப் பக்கம் போய்விடும்.

அப்போ எதை வீட்டில் செய்யலாம்?

பக்கவாட்டு ஏர்பேக் இல்லாத பழைய கார்களின் சீட்டுகளையும், பெரும்பாலான கார்களின் பின் சீட்டையும் தாராளமாக மாற்றலாம். புதுசாக முயற்சி செய்பவர்கள் பின் சீட்டிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. பெரும்பாலும் கிளிப் அல்லது இரண்டு மூன்று போல்ட்டில்தான் அது நிற்கும்.

என்னென்ன தேவை?

ஸ்பேனர் செட், கட்டிங் பிளேயர், தையல் பிரிக்கும் ஊசி, சாக்பீஸ், ஹாக் ரிங் எனப்படும் கம்பி வளையங்கள், அவற்றை அழுத்தி மூடும் பிளேயர். சென்னை என்றால் ஜி.பி. ரோடு கடைகளில் இவை எல்லாம் கிடைக்கும். மற்ற ஊர்களில் குஷன் கடைகளிலேயே கேட்டு வாங்கலாம்.

துணியா, ரெக்சினா என்பது உங்கள் விருப்பம். வெயிலில் நிறுத்தும் கார் என்றால் கறுப்பு ரெக்சின் கொதிக்கும். துணி அவ்வளவு சுடாது, ஆனால் கறை பிடிக்கும். எதுவானாலும் வாகனத்துக்கென்று விற்கும் தரத்தையே கேளுங்கள். சோபா துணி விலை குறைவாக இருக்கலாம், ஆனால் காருக்குள் பயன்படுத்தும் துணிக்குத் தீப்பற்றும் வேகத்தில் கட்டுப்பாடு உண்டு. அமெரிக்க விதிப்படி நிமிடத்துக்கு 4 அங்குலத்துக்கு மேல் எரியக் கூடாது. இந்தியாவிலும் இதற்கு ஐ.எஸ். 15061 என்ற தரநிலை இருக்கிறது.

செய்முறை எப்படி?

1. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, மேனுவலில் சொன்ன நேரம் வரை காத்திருங்கள். பழைய காரிலும் சீட் பெல்ட் எச்சரிக்கை ஒயர் சீட்டுக்கு அடியில் இருக்கலாம்.

2. சீட்டைப் பின்னால் தள்ளி முன் போல்ட்டுகளையும், முன்னால் தள்ளிப் பின் போல்ட்டுகளையும் கழற்றுங்கள். சீட்டைத் தூக்குவதற்கு முன் அடியில் இருக்கும் ஒயர் கனெக்டரை விடுவிக்க வேண்டும். எந்த போல்ட் எந்த இடம் என்று குறித்து வையுங்கள்.

3. ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் போட்டோ எடுங்கள். திரும்ப மாட்டும்போது இதுதான் கை கொடுக்கும்.

4. அடியில் துணியைப் பிடித்திருக்கும் ஹாக் ரிங்குகளை வெட்டி எடுத்து, பழைய துணியைக் கிழிக்காமல் கழற்றுங்கள். அதற்குள் ஓடும் மெல்லிய இரும்புக் கம்பிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சீட்டின் நடுப்பள்ளம் சரியாக அமைவதே அந்தக் கம்பிகளால்தான்.

5. பழைய துணியின் தையலைப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் போடுங்கள். அதுதான் உங்கள் அளவு. அதை வைத்துப் புதுத் துணியில் வரைந்து, தையலுக்கான ஓரம் விட்டு வெட்டுங்கள். பழைய துண்டு தொய்ந்து நீண்டிருக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

6. தைக்க பாலியஸ்டர் அல்லது நைலான் நூல்தான் சரி. பருத்தி நூல் வியர்வையிலும் வெயிலிலும் சீக்கிரம் இற்றுவிடும். வீட்டு மெஷின் தடிமனான ரெக்சினில் திணறும். வெட்டிய துண்டுகளைக் குஷன் கடையில் கொடுத்துத் தையலை மட்டும் போட்டு வாங்கினாலும் செலவு மிச்சம்தான்.

7. ஃபோமைக் கவனியுங்கள். டிரைவர் ஏறி இறங்கும் வலது ஓரம்தான் முதலில் நசுங்கும். அதைச் சரிசெய்யாமல் மேலே புதுத் துணி போட்டால், சில மாதத்தில் அந்த இடத்திலேயே மறுபடியும் கிழியும். ஈரமான ஃபோம் என்றால் முழுசா காய வைத்த பிறகே மூடுங்கள். இல்லையென்றால் நாற்றம் போகாது.

8. புதுக் கவரைக் கொஞ்ச நேரம் வெயிலில் போட்டால் இளகி, மாட்ட சுலபமாக இருக்கும். நடுப்பள்ளத்தில் முதலில் ஹாக் ரிங் போட்டு, பிறகு ஓரங்களுக்கு வாருங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் சுருக்கம் விழும்.

திரும்ப மாட்டும்போது கவனம்!

விபத்தில் உங்களைத் தாங்குவது சீட் பெல்ட் மட்டுமல்ல, தரையில் சீட்டைப் பிடித்திருக்கும் அந்த சில போல்ட்டுகளும்தான். பல கார்களில் பெல்ட்டின் பக்கிளே சீட்டோடு இணைந்துதான் இருக்கும். அதனால் துருப்பிடித்த போல்ட்டை மாற்றிவிட்டு, மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சில் முடுக்க வேண்டும். அது இல்லையென்றால், ஒர்க்‌ஷாப்பில் ஒருமுறை காட்டி முடுக்கிக்கொள்ளலாம்.

ஒயரை மாட்டும் முன் இக்னிஷனை ஆன் செய்யாதீர்கள். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, இரண்டு பக்க ரெயிலும் 'கிளிக்' என்று லாக் ஆகிறதா என்று பாருங்கள். பின் சீட்டில் பெல்ட் பக்கிள்கள் துணிக்கு அடியில் சிக்கிவிடக் கூடாது. குழந்தை சீட் மாட்டும் ஐசோஃபிக்ஸ் இடைவெளியையும் துணி மூடிவிடக் கூடாது.

எல்லாம் முடிந்து காரை ஸ்டார்ட் செய்ததும் டேஷ்போர்டைப் பாருங்கள். ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு சில விநாடிகளில் அணைந்தால் நல்லது. அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், விபத்தின்போது ஏர்பேக் வேலை செய்யாமல் போகலாம். அந்த காரை ஓட்டாமல் சர்வீஸ் சென்டரில் காட்டி, ஸ்கேன் செய்து சரிபார்த்துவிடுங்கள்.