எத்தனை வழக்கு வந்தால் அலுவலகம் நடக்கும்?

வரவும் செலவும் சரிக்குச் சரியாக நிற்கும் அளவை வணிகவியலார் ‘இலாப நட்டமற்ற புள்ளி’ என்பர். ஆலைக்கும் கடைக்கும் போடப்படும் இக்கணக்கு, ஒரு மூத்த வழக்கறிஞர், இரண்டு ஜூனியர்கள், ஒரு குமாஸ்தா என்று நடக்கும் சிறிய சட்ட அலுவலகத்துக்கும் பொருந்தும். வழக்கு வந்தாலும் வராவிட்டாலும் கொடுத்தே தீர வேண்டியவை நிலையான செலவுகள். தட்டச்சு, நகல், பயணம் என்று வழக்குக்கு வழக்கு கூடிக் குறைபவை மாறும் செலவுகள். கட்டணத்தில் மாறும் செலவு போக எஞ்சுவது ‘பங்களிப்பு’ எனப்படும். நிலையான செலவை அதனால் வகுத்தால், மாதத்துக்கு எத்தனை வழக்கு தேவை என்பது தெரிந்துவிடும்.

சென்னை அலுவலகம் ஒன்றுக்கு வாடகை 25,000, குமாஸ்தாவுக்கு 18,000, மின்சாரம், இணையம், சட்ட இதழ்களுக்கு 12,000 ரூபாய் என்று எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் தரப்பட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் அறிவுறுத்தியபடி, இருவருக்கும் 40,000 ரூபாய் ஆகிறது. முடிந்தபோது கொடுக்கும் அன்பளிப்பாக இதைக் கருதுவது அநீதி மட்டுமல்ல, தவறான கணக்கும்கூட. வாடகையைப் போலவே இதுவும் முதலில் எழுதப்பட வேண்டிய செலவாகும். ஆக மொத்தம் 95,000 ரூபாய்.

சராசரிக் கட்டணம் 20,000, மாறும் செலவு 4,000 என்றால் பங்களிப்பு 16,000 ரூபாய் ஆதலால், மாதம் 6 புதிய வழக்குகள் போதும் என்று தோன்றும். ஆனால் மூத்த வழக்கறிஞரின் குடும்பச் செலவு இக்கணக்கில் இல்லை; அவர் உழைப்புக்கு 60,000 ரூபாய் சேர்த்தால் தேவை 10 வழக்குகளாக உயர்கிறது.

கணக்கு பெரும்பாலும் பிசகும் இடம் வசூல்தான். வக்காலத்தில் கையெழுத்திடும் நாளில் ஒரு பகுதியைத் தரும் கட்சிக்காரர், வாய்தா மேல் வாய்தாவாக வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும்போது மீதியைத் தீர்ப்புக்குப் பின் தருவதாகச் சொல்வார். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடைசெய்கின்றன என்றாலும், நிலுவையை இப்படித் தள்ளிப்போட அனுமதிப்பது நடைமுறையில் அதற்கு வெகு அருகில் கொண்டுபோய் விடுகிறது. பேசிய கட்டணத்தில் முக்கால் பங்கே கைக்கு வந்தால், மாறும் செலவு குறையாததால் பங்களிப்பு 11,000 ரூபாயாகச் சுருங்கி, தேவை 15 வழக்குகளாகிறது. கால் பங்கு வசூல் குறைந்ததற்கு வேலைச்சுமை பாதியளவு கூடிவிடுகிறது. அந்தச் சுமை ஜூனியர்களின் தோளிலேயே போய் இறங்குகிறது.

நீதிமன்றக் கட்டணத்துக்காகக் கட்சிக்காரர் கொடுத்து வைக்கும் தொகை வருமானம் ஆகாது. 2017 திருத்தத்துக்குப் பின் தமிழ்நாட்டில் அக்கட்டணம் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்துள்ள போதிலும், 10 லட்ச ரூபாய்க்கான பண வழக்குக்கு 30,000 ரூபாய் கட்ட வேண்டியிருப்பதால், அது வங்கிக் கணக்கில் கிடக்கும் சில நாட்களில் இருப்பு நிறைந்திருப்பதாக ஒரு மயக்கம் உண்டாகும். கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும் என்று பார் கவுன்சில் விதிகளே கூறுவதால், அதற்குத் தனி வங்கிக் கணக்கு வைப்பது நல்லது.

சிவில் வழக்குகளையே நம்பியிருக்கும் அலுவலகம் மே மாதக் கோடை விடுமுறையையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். ஆண்டுக்குத் தேவையான 18,60,000 ரூபாயைப் பதினோரு மாதங்களில் ஈட்டுவதென்றால் மாத இலக்கு ஏறத்தாழ 1,69,000 ரூபாயாகிறது. முக்கால் பங்கு வசூலில் இதற்கு 16 வழக்குகள் வேண்டும். அத்தனை வழக்குகளை மூன்று பேர் ஒழுங்காக நடத்த முடியாது என்றால், வழக்குக் கட்டுகளைக் கூட்டுவதைவிட, சாட்சி விசாரணைக்கு முன் இவ்வளவு, வாதத்துக்கு முன் இவ்வளவு என்று கட்டணத்தைத் தவணைகளாகப் பிரித்துத் தொடக்கத்திலேயே எழுதி வாங்குவதுதான் வழி.