வில்லின் ஆயுள்

குறிஞ்சித்திணையைக் கற்பிக்கும்போது, வேடர் ஒரு வில்லை எத்தனை ஆண்டு வைத்திருப்பர் என மாணவர் என்னிடம் கேட்பதுண்டு. வில்தண்டும் நாணும் காடு தருபவை; முறிந்தால் வேறொன்று வெட்டிக்கொள்ளலாம். அம்பின் அலகோ இரும்பு. அதற்குக் கொல்லன் வேண்டும்.

கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியான தமது நூலில் கூறுகிறார்: வேடர் இரவில் கொல்லன் பட்டறையில் இறைச்சியையும், வேண்டிய அலகின் வடிவில் வெட்டிய இலையையும் தொங்கவிட்டுச் செல்வராம். அவ்வாறே செய்து கொடுத்தால் மேலும் இறைச்சி வரும். தவறினால் அம்பு பாயும்!

நமது நக்கிள்ஸ் மலைகளுக்குக் கிழக்கே, தம்பானை வேடரின் வேட்டைக்காடு 1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவுக்குள் அடங்கியது. அங்கே வேட்டைக்குத் தடை. ஆகவே நேயர்களே, வில்லின் ஆயுளை மரத்தைக் கொண்டு கணிப்பதிற் பயனில்லை. காடு உள்ளவரையே வில்.