சோறு குறைந்தால் தண்ணீரும் குறையுமா?

நீர்வேலியில் முற்றத்து நாய்க்குச் சாப்பாடு பெரும்பாலும் வீட்டுச் சோறும் மீனும்தான். நாய் கொழுத்துப் போனால் சோற்றை நிறுத்திவிட்டு, கடையில் வாங்கிய உலர் தீனிக்கு மாற்றுகிறார்கள். அங்கேதான் ஒரு கணக்குப் பிசகுகிறது.

அரைக் கிலோ சோற்றில் 300 மில்லிலீட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. உலர் தீனியிலோ பத்தில் ஒரு பங்குதான். 200 கிராம் போட்டால் 20 மில்லிலீட்டர். மிச்சத்தை நாய் குடித்தே ஈடுசெய்ய வேண்டும். எடை குறைப்புத் தீனியில் நார்ச்சத்தும் புரதமும் கூட. நார் மலத்தோடு நீரை இழுத்துப் போகும், புரதக் கழிவான யூரியாவை வெளியேற்றச் சிறுநீரகத்துக்கும் நீர் வேண்டும்.

கொழுப்பு எரியும்போதும் தண்ணீர் பிறக்கிறதே? உண்மைதான், கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு லீட்டர். ஆனால் 25 கிலோ நாய் வாரத்துக்கு 250 கிராம் இளைத்தால், நாளுக்கு 40 மில்லிலீட்டர்கூடத் தேறாது. அதன் தேவையோ, சாப்பாட்டில் உள்ளதையும் சேர்த்து, ஒரு லீட்டருக்கு மேல்.

வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே நாய் உடலைக் குளிர்விக்கிறது. நீர் அப்படியும் போகிறது. ஆகவே நடை காலையில் அல்லது பொழுதுபட. தீனியை இளஞ்சூட்டு நீரில் ஊறவைக்கலாம். மீன் குழம்பு ஊற்றக் கூடாது: உப்பும் வெங்காயமும் ஆகாது. சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீர் சட்டியில் வெண்படலம் கட்டும். தினமும் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள்.

முரசு ஈரமின்றி விரலில் ஒட்டினால், பிடரித் தோலை இழுத்து விட்டதும் மெதுவாகவே படிந்தால், நீர் போதவில்லை. தீனி மாற்றாமலே திடீரென அளவுக்கு மீறிக் குடித்தால் சலரோகமாகவும் இருக்கலாம். மிருக வைத்தியரிடம் காட்டுங்கள், சட்டியை மட்டும் ஒளிக்காதீர்கள்.