கதையில் வந்த கோள், மொட்டை மாடிக்கு வந்த தட்டு



உங்கள் தெருவில் ஏதாவது ஒரு மொட்டை மாடியில் ஏறிப் பாருங்கள். காயப்போட்ட வத்தலுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஒரு டிஷ் நின்றுகொண்டிருக்கும். காற்றோ குரங்கோ தள்ளிவிட்டால் ஒழிய, வருடக் கணக்கில் அது ஒரே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். சூரியன் நகர்கிறது, நிலா நகர்கிறது, நட்சத்திரம்கூட நகர்கிறது. இந்த டிஷ் பார்க்கிற செயற்கைக்கோள் மட்டும் எப்படி அந்தரத்தில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது?

அது நிற்கவில்லை, நண்பர்களே! நொடிக்கு 3 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பறந்துகொண்டிருக்கிறது. பூமி ஒரு சுற்று சுற்றுகிற அதே நேரத்தில் அதுவும் ஒரு சுற்று சுற்றுவதால், நமக்கு நிற்கிற மாதிரி தெரிகிறது. அவ்வளவுதான் விஷயம்.

இது எவ்வளவு உயரத்தில் நடக்கும் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். கெப்ளர் விதி ஃபிசிக்ஸில் படித்ததுதான்: சுற்றும் காலத்தின் வர்க்கம், தூரத்தின் கனத்துக்கு நேர்விகிதம். நிலா நம்மைச் சுற்ற 27.3 நாள் எடுக்கிறது. தூரம் 3,84,400 கிலோமீட்டர். நமக்கு வேண்டியது 1 நாள். 27.3-ன் வர்க்கம் சுமார் 745. அதன் கனமூலம் சுமார் 9.07. நிலாவின் தூரத்தை இதால் வகுத்தால் ஏறக்குறைய 42,400 கிலோமீட்டர் வருகிறது. பூமி ஒரு சுற்று சுற்றுவது சரியாக 23 மணி 56 நிமிடம் என்பது போன்ற திருத்தங்களைச் செய்தால் 42,164. இது பூமியின் மையத்திலிருந்து. பூமியின் ஆரம் 6,378-ஐக் கழித்தால் தரையிலிருந்து 35,786 கிலோமீட்டர். ரெக்கார்ட் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்தே நிமிடத்தில் போட்டுவிடலாம். நான் போட்டுப் பார்த்தேன், வந்தது!

அப்படியென்றால் இது யாருக்கு முதலில் தோன்றியது? இங்கேதான் கதை ஆரம்பிக்கிறது. நிஜமாகவே கதை!

1928-ல் ஹெர்மன் பொட்டோச்னிக் என்ற என்ஜினீயர், நூர்டுங் என்ற புனைபெயரில் ஒரு புத்தகம் எழுதினார். ஆஸ்திரிய ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர். பூமியோடு சேர்ந்து சுற்றும் இந்த உயரத்தில் மனிதர்கள் தங்கும் ஒரு நிலையம் வைக்கலாம் என்று படம் போட்டே காட்டினார். அடுத்த வருடமே, 36 வயதில், இறந்துபோனார். 1942-ல் ஜார்ஜ் ஓ. ஸ்மித் என்ற அமெரிக்க ரேடியோ என்ஜினீயர் ஒரு பத்திரிகையில் சிறுகதை எழுதினார். சூரியன் குறுக்கே வந்து மறைக்கும்போது, கிரகங்களுக்கிடையே செய்தியை வாங்கிக் கொடுக்க விண்வெளியில் ஒரு ரிலே நிலையம், அதில் வேலை செய்யும் ஆட்கள், அவர்களின் சண்டை சச்சரவு. பொழுதுபோக்குக் கதைதான்.

இந்த மாதிரிக் கதைகளை விழுந்து விழுந்து படித்தவர்களில் ஒருவர் ஆர்தர் சி. கிளார்க். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் ரேடார் வேலை பார்த்தவர். 1945 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்டு' என்ற ரேடியோ தொழில்நுட்பப் பத்திரிகையில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அந்த உயரத்தில் 120 டிகிரி இடைவெளியில் மூன்று நிலையங்களை வைத்தால் உலகம் முழுக்க ஒளிபரப்பலாம் என்று கணக்கோடு எழுதினார். அப்போது விண்வெளியில் ஒரு ஆணிகூடக் கிடையாது. முதல் ஸ்புட்னிக் வருவதற்கு இன்னும் 12 வருடம் இருந்தது!

கிளார்க்கின் கணக்கு சரி. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் சறுக்கினார். என்னைக் கேட்டால் அதுதான் இந்தக் கதையிலேயே சுவையான இடம். அவர் கற்பனை செய்த நிலையத்தில் ஆட்கள் குடியிருந்தார்கள். ஏன்? அன்றைய எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் வால்வு. வால்வு ரேடியோ வைத்திருந்த தாத்தாக்களைக் கேளுங்கள், சொல்வார்கள்: சூடாகும், ஃபிலமென்ட் போகும், மாற்ற வேண்டும். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் வால்வு போய்விட்டால் யார் மாற்றுவது? ஆள் வேண்டாமா? அதனால் ஆளை வைத்தார். உலகை இணைக்கும் மகத்தான திட்டத்தின் நடுவே, கிட்டத்தட்ட ஒரு மெயின்டெனன்ஸ் டெக்னீஷியன்! ஆள் இருந்தால் காற்று வேண்டும், சாப்பாடு வேண்டும், போய் வர ராக்கெட் வேண்டும். ஆகவே அது தன் வாழ்நாளில் நடக்கும் என்று அவரே நம்பவில்லை. காப்புரிமையும் வாங்கவில்லை. பிற்பாடு, ஓய்வு நேரத்தில் நூறு கோடி டாலரைத் தொலைத்தது எப்படி என்று தன்னையே கேலி செய்து ஒரு கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார்.

1947 டிசம்பரில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் டிரான்சிஸ்டர் வந்தது. அதற்கு 'டிரான்சிஸ்டர்' என்று பெயர் சூட்டியவர் யார் தெரியுமா? ஜான் பியர்ஸ். இவரும் ஜே.ஜே. கப்ளிங் என்ற பெயரில் அறிவியல் கதை எழுதியவர்தான்! எதிரொலிக்கும் பலூன் செயற்கைக்கோளான எக்கோ (1960), டெல்ஸ்டார் (1962) இரண்டுக்கும் பின்னால் இருந்த முக்கியமான மூளை இவருடையது. ஆனால் டெல்ஸ்டார் தாழ்வாகப் பறந்தது. ஒரு சுற்றில் இருபது நிமிடம் போலத்தான் அட்லாண்டிக்கின் இரு கரைக்கும் சேர்ந்து தெரியும். அதைத் துரத்திக்கொண்டே திரும்ப, தரையில் ராட்சத ஆன்டெனா வேண்டியிருந்தது. மொட்டை மாடியில் வைக்க முடியுமா அதை?

கிளார்க்கின் உயரத்துக்கே போயாக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர் ஹியூஸ் நிறுவனத்தின் ஹெரால்டு ரோஸன். அவரோடு டொனால்ட் வில்லியம்ஸ், தாமஸ் ஹட்ஸ்பெத். இவர்கள் செய்த வேலை என்னவென்றால், எடையைக் குறைத்தது. பம்பரம் சுற்றும்போது சாயாது அல்லவா? அதே மாதிரி கோளையே சுற்ற விட்டார்கள். திசை மாற்ற, சுற்றில் சரியான நொடியில் மட்டும் ஒரு சின்ன ஜெட் 'புஸ்' என்று அடிக்கும். நிறைய மோட்டார், நிறைய ஜெட் எல்லாம் மிச்சம். 1961-ல் பாரிஸ் விமானக் கண்காட்சியின்போது மாதிரியை ஈஃபில் கோபுரத்தில் ஏற்றிப் படம் எடுத்தார்கள். இதற்கு மேல் இது போகாது என்று கிண்டல் செய்தவர்களும் உண்டு.

1963 பிப்ரவரியில் சின்காம்-1 மேலே போய்ப் பேச்சு மூச்சில்லாமல் ஆனது. ஜூலையில் சின்காம்-2 வேலை செய்தது. 1964 ஆகஸ்டில் சின்காம்-3 நிஜமாகவே ஒரே இடத்தில் 'நின்றது'. அந்த அக்டோபரில் டோக்கியோ ஒலிம்பிக் காட்சிகள் அதன் வழியாக அமெரிக்கா போயின. கிளார்க் எழுதி 19 வருடம்தான்! சின்காமின் விட்டம் 70 சென்டிமீட்டர் சொச்சம், கல்யாண வீட்டு அண்டா அளவு. ஒலிபரப்பும் சக்தி 2 வாட், டார்ச் பல்பு மாதிரி. அந்த 2 வாட்டைக் கொடுத்ததோ, ஒரு வால்வு! டிராவலிங் வேவ் டியூப் என்று மைக்ரோவேவ் பேப்பரில் வருமே, அதேதான். பியர்ஸ் அதிலும் கை வைத்தவர். இன்றைக்கும் பல செயற்கைக்கோள்களில் அந்த வகை டியூப், ஆள் துணையில்லாமல், பதினைந்து வருடம்போல ஓடுகிறது. வால்வை ஒழித்ததால் மட்டும் காரியம் நடக்கவில்லை, கெடாத வால்வு செய்ததாலும் நடந்தது.

நடுவில் ஒரு சொந்த விஷயம். போன வருடம் ஒரு கம்பெனி நேர்முகத் தேர்வில், பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார்கள். சயின்ஸ் ஃபிக்‌ஷன் படிப்பேன் சார் என்றேன். "டிப்ளமோவுக்கு அதெல்லாம் எதுக்கு தம்பி? மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியுமா, அதைச் சொல்லு" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள். தெரியும் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேலை கிடைக்கவில்லை, அது வேறு. ஆனால் அந்தக் கேள்வி மனதில் நின்றுவிட்டது. கதை ஒரு சாதிக்கு, மல்டிமீட்டர் இன்னொரு சாதிக்கு என்று யார் பிரித்தது? மேலே சொன்ன பெயர்களைப் பாருங்கள். ஸ்மித் ரேடியோ என்ஜினீயர், கிளார்க் ரேடார்காரர், பியர்ஸ் டியூப்காரர். எல்லாருமே மீட்டர் பிடித்த கைகள். நம் சுஜாதாவை எடுத்துக்கொள்ளுங்களேன். 'என் இனிய இயந்திரா' எழுதியவர் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர வேலையிலும் முக்கியப் பங்கு வகித்தாரே!

நம் நாட்டுக் கதை இன்னும் எனக்குப் பிடிக்கும். 1975 ஆகஸ்ட் முதல் ஒரு வருடம், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளை வாங்கி வைத்து, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நேரடியாக டி.வி. காட்டியது இஸ்ரோ. சைட் திட்டம் என்று பெயர். கோளில் 9 மீட்டர் ஆன்டெனா இருந்ததால் கீழே சிறியது போதும். கிராமத்தில் வைத்த 3 மீட்டர் டிஷ் எதில் செய்தது தெரியுமா? கோழிக் கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலையில்! சிரிக்காதீர்கள். 860 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 35 சென்டிமீட்டர். வலையின் ஓட்டை அதைவிட மிகச் சின்னதாக இருந்தால் அந்த அலைக்கு அது தகடு மாதிரிதான். எடை குறைவு, காற்றும் ஊடே போய்விடும், விலையும் கம்மி.

அப்போது கிளார்க் கொழும்பில் குடியிருந்தார். 1956 முதல் 2008-ல் இறக்கும் வரை இலங்கைதான் அவர் வீடு. இஸ்ரோ என்ஜினீயர்கள் போய் அவர் வீட்டிலும் ஒரு டிஷ்ஷை நிறுவிக் கொடுத்தார்கள். இலங்கையில் அன்று டி.வி. நிலையமே கிடையாது, 1979-ல்தான் வந்தது. ஊரிலேயே டி.வி. இல்லாத காலத்தில், முப்பது வருடத்துக்கு முன்பு தான் எழுதிய கட்டுரையை அவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்!

பிறகு 1981-ல் ஆப்பிள், நாம் செய்த முதல் நிலை-சுற்றுப்பாதைத் தகவல் தொடர்புக் கோள். மாட்டு வண்டியில் ஏற்றிய படம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். வறுமை என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. லாரியின் இரும்பு ரேடியோ அலையைப் பிரதிபலித்து ஆன்டெனா சோதனையைக் கெடுக்கும், மர வண்டி கெடுக்காது. மேலே போனதும் ஆப்பிளின் சூரியத் தகடு ஒன்று விரியவில்லை; இருந்தும் இரண்டு வருடத்துக்கு மேல் வேலை வாங்கினார்கள். அதை ஏற்றியது ஐரோப்பாவின் ஏரியன் ராக்கெட். அந்த உயரத்துக்கு அனுப்பும் கிரையோஜெனிக் என்ஜினை நாமே செய்து, அதோடு ஜி.எஸ்.எல்.வி. முதன்முதலில் வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரியில்தான். நம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இந்த என்ஜின்கள் சோதிக்கப்படுகின்றன.

விடுமுறையில் டிஷ் மாட்டும் அண்ணன் ஒருவரோடு ஏணி பிடிக்கப் போவேன். கிளார்க் பெயர் அவருக்குத் தெரியாது, ஆனால் கிளார்க்கின் வானம் அத்துப்படி. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் கோள் கிட்டத்தட்ட தலைக்கு மேலே, 65, 70 டிகிரி உயரத்தில் இருக்கும். லண்டன்காரன் டிஷ் அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலேதான் பார்க்கும். "அப்ப நம்ம டிஷ் ஏண்ணே அவ்வளவு நிமிரலை?" என்று கேட்டேன். "எல்.என்.பி. நடுவுலயா இருக்கு? கீழ தள்ளி இல்ல இருக்கு. அது ஆஃப்செட்டுடா தம்பி, பார்க்கிறது ஒரு பக்கம், வாங்குறது ஒரு பக்கம்" என்றார். எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமாக நான் படிக்கவில்லை.

டெலிபோன் பேச்சு மட்டும் அங்கிருந்து பெரும்பாலும் இறங்கிவிட்டது. போக வர 71,500 கிலோமீட்டர் என்றால் ஒளி வேகத்திலும் கால் விநாடி; நீங்கள் கேட்டு அவர் பதில் வர அரை விநாடி. "ஹலோ... ஹலோ" என்று இருவரும் ஒரே நேரத்தில் பேசித் தொலைப்பார்கள். கடலடி ஃபைபர் வந்ததும் பேச்சு அதற்குப் போனது. இப்போது இன்டர்நெட்டுக்காக 550 கிலோமீட்டர் போன்ற தாழ்வான உயரத்தில் ஆயிரக்கணக்கில் கோள்களைப் பறக்கவிடுகிறார்கள். டெல்ஸ்டார் விட்ட இடத்துக்கே திரும்பி வந்த மாதிரி! துரத்தித் திரும்பும் வேலையை ஆன்டெனா இப்போது அசையாமலேயே, ஃபேஸை மாற்றிச் செய்துகொள்கிறது.

கிளார்க்கின் இன்னொரு கதை இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. 1979 நாவலில் பூமியிலிருந்து அந்த 36,000 கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு கயிறு கட்டி, லிஃப்ட் விட்டார். 1960-லேயே யூரி அர்த்சுதானோவ் என்ற ரஷ்ய என்ஜினீயர் சொன்ன யோசனை அது. லிஃப்டின் கால் பூமத்திய ரேகையில் இருந்தாக வேண்டும் என்பதால், நாவலுக்காக இலங்கையையே தெற்கே நகர்த்தி வைத்துக்கொண்டார்! இங்கேயும் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. எஃகுக் கயிறு தன் எடையாலேயே அறுந்துவிடும். கார்பன் நானோ குழாயின் பலம் போதலாம் என்கிறார்கள், ஆனால் குறையில்லாத குழாயைச் சில பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு வளர்ப்பதே இன்னும் பெரும்பாடு. ஆகவே அந்த லிஃப்ட், 1945-ல் வால்வை மாற்ற ஆள் தேடிக்கொண்டிருந்த நிலையத்தைப் போல, ஒரு பொருளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. மெட்டீரியல் சயின்ஸ் பேப்பரில் அரியர் வைத்திருக்கும் மெக்கானிக்கல் நண்பர்கள் கொஞ்சம் கவனிக்கவும்!