நபிமொழி அறிவிப்பாளரை ஆராயும் முறை

நபிகள் நாயகம் அவர்களின் சொல்லையும் செயலையும் கூறும் செய்தி ஹதீஸ் எனப்படும். அஃது இரு பகுதியுடைத்து. இன்னாரிடம் இன்னார் கேட்டார் எனத் தொடரும் அறிவிப்பாளர் வரிசை இஸ்னாத். செய்தியின் வாசகம் மத்ன். வரிசையில் ஒரு கண்ணி பழுதுறினும் செய்தி வலியிழக்கும். ஆதலின் ஸுன்னி அறிஞர், செய்தியை ஆராயுமுன் அதனைச் சொன்னாரை ஆராய்ந்தனர்.

அறிவிப்பாளரிடம் அவர் நாடிய பண்புகள் இரண்டு: ஒன்று ஒழுக்க நேர்மை, மற்றொன்று கேட்டதைக் கேட்டவாறே காக்கும் ஆற்றல். ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகாது. எகிப்து நாட்டில் நீதிபதியாயிருந்து கி.பி. 790-இல் மறைந்த இப்னு லஹீஆ என்பார் இதற்குச் சான்றாவர். தம் சுவடிகள் எரிந்தபின் அவர் செய்திகளைக் கலந்துரைத்தார் என்பர். அதனால், முன்னரே அவரிடம் கேட்ட அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் போன்றோர் வழி வந்தவற்றையே மேலாகக் கொண்டனர். நினைவாற்றலை அளப்பது எங்ஙனம்? ஒருவர் அறிவித்தவற்றை, நம்பிக்கைக்குரிய பிறர் அறிவித்தவற்றோடு ஒப்புநோக்கினர். உடன்பாடு மிகின் அவர் உறுதியுடையார். முரண்பாடு மிகின் வலியிலார்.

ஆயின், ஆராய்ந்தோர் அனைவரும் ஒருபடித்தானவரல்லர். கி.பி. 965-இல் மறைந்த இப்னு ஹிப்பான், குற்றம் அறியப்படாதவரை மனிதரை நேர்மையாளராகவே கொள்ளல் வேண்டும் என்றார். ஆகவே, பிறர் அறியாத பலரும் அவர்தம் நம்பகர் நூலில் இடம் பெற்றனர். இப்னு ஹஜர் முதலிய பின்னோர் இதனை ஏற்றிலர். ஒருவரைப் பற்றிக் குறை கேளாமை, அவரது நிறைக்குச் சாட்சியாகாது என்பது அவர் கருத்து. வியப்பு யாதெனின், ஏற்பதில் நெகிழ்ந்த அவ்விப்னு ஹிப்பானே பழிப்பதில் கடுமை மிக்கவர் என்பதாம்.

கி.பி. 1014-இல் மறைந்த அல்ஹாகிம், புகாரி, முஸ்லிம் என்னும் இருவர்தம் நியதிக்கு ஒத்தனவென்று பல செய்திகளைத் தொகுத்து, முஸ்தத்ரக் எனப் பெயரிட்டார். கி.பி. 1348-இல் மறைந்த அத்தஹபீ அதனைச் சுருக்கியெழுதுங்கால், பலவற்றை வலியிலவென்றும் சிலவற்றைப் புனைந்தனவென்றும் காட்டினார். அவரே திறனாய்வாளரைக் கடியர், நெகிழ்ந்தோர், நடுநிலையோர் என மூவகைப்படுத்தினார். இப்னு மயீனைப் போன்ற கடியர் ஒருவரை நல்லாரென்றால் அச்சொல் வலிதாம். அவர் பழிப்பின், பிறரும் உடன்படுகின்றனரோ என்று நோக்கல் வேண்டும். நெகிழ்ந்தோர் புகழ்ச்சிக்கும் இவ்வாறே துணைச்சான்று தேடப்படும்.

இத்துணை நுணுக்கம் எதற்கோவெனின், இருபுறமும் இடருண்மையின் என்க. மிக நெகிழின், நபிகள் சொல்லாதது அவர் சொல்லாய் நின்று சமயநெறியாகும். மிக இறுகின், உண்மையுரைத்தான் ஒருவன் பொய்யனெனப் பெயர் பெறுவான். அவன் காத்துத் தந்த மொழியும் உடன் மறையும். ஆதலின் நிறுக்கப்படும் பொருளோடு, நிறுக்கும் துலாக்கோலையும் அவர் நிறுத்தறிந்தனர்.