பாசிக்கு எந்த நாசில்?

கோவையின் போத்தனூருக்கு 1862-லேயே ரயில் வந்துவிட்டது. அதனால் பழைய ஓட்டு வீடும், தட்டோடு பதித்த மொட்டை மாடியும், நேற்றுப் பேவர் பிளாக் போட்ட வாசலும் ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிச் சாரலும், அதன்பின் ஐப்பசி மழையும் இவை எல்லாவற்றின் மேலும் பாசியை ஏற்றிவிட்டுப் போகும். வழுக்கி விழப்போவது பெரும்பாலும் வீட்டில் வயசானவர்கள்தான். பிரஷர் வாஷர் வாங்கும் ஆசை அங்கேதான் வருகிறது.

கடையில் எல்லோரும் கேட்பது எத்தனை பார் என்றுதான். வீட்டு மெஷின்களில் பல 100 முதல் 150 பார் வரை, நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் தண்ணீர் தள்ளும். அது போதும். வேலையைத் தீர்மானிப்பது கன் நுனியில் மாட்டுகிற சாமான். அதிகப் பார் மெஷினுக்குப் போடும் பணத்தில் கொஞ்சத்தை இதில் போட்டால் பலன் அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

தண்ணீர் விரியும் கோணத்தைப் பொறுத்து நாசில்களுக்கு நிறம் உண்டு. சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40, கறுப்பு சோப்புக்கு. சிவப்பில் தண்ணீர் ஊசியாகப் பாயும். சிமெண்ட்டில் கோடு விழும், தோலையும் துளைக்கும். மேலே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே காயம் ஆழமாக இருக்கும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். கான்கிரீட் வாசலுக்குப் பச்சை, ஓட்டுக்கும் பெயிண்ட் சுவருக்கும் வெள்ளை. ஐந்தும் சேர்ந்த செட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

வாங்கும்போது நாசில் மேல் பொறித்த எண்ணையும் பாருங்கள். 25030 என்றால் 25 டிகிரி, துளை அளவு 030. ஆறேழு லிட்டர் மெஷினுக்கு 025 அல்லது 030 சரியாக வரும். துளை பெரிசானால் அழுத்தம் விழுந்துவிடும். சிறிசானால் பம்ப் திணறும்.

காசு வீணாவது பெரும்பாலும் மரையில். எம்22 என்று ஒரே பெயரில் விற்றாலும் உள்ளே 14 மில்லிமீட்டர், 15 மில்லிமீட்டர் என இரண்டு வகை இருக்கிறது. மரை ஏறிவிடும், ஆனால் ஓ-ரிங் சரியாக உட்காராமல் தண்ணீர் கசியும். சில பெரிய கம்பெனி கன்கள் தங்களுக்கென்றே தனிப் பூட்டு வைத்திருக்கின்றன. கன்னைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துப் போய், கால் இஞ்ச் குயிக் கப்ளர் அடாப்டர் ஒன்றை மாட்டிப் பார்த்து வாங்கினால் பிறகு எந்த நாசிலும் பொருந்தும்.

வாசல் பெரிசாக இருந்தால் சர்ஃபேஸ் கிளீனர் நல்ல முதலீடு. வட்ட மூடிக்குள் இரண்டு நாசில் சுழலும். தண்ணீர் சேலையில் தெறிக்காது, தரையில் வரிவரியாகத் தடம் விழாது. வீட்டு மெஷினுக்குப் பத்துப் பன்னிரண்டு இஞ்ச்சுக்கு மேல் வேண்டாம். பெரியது பெட்ரோல் மெஷினுக்கானது, நம்மிடம் மெதுவாகத்தான் சுற்றும். பேவர் பிளாக்கில் ஓட்டினால் இடுக்கு மணல் கிளம்பும். காய்ந்ததும் எம்-சாண்டைத் தூவிக் கூட்டிவிட வேண்டும்.

தட்டோட்டு மாடியில் மட்டும் நிதானம் தேவை. ஓட்டைவிட இணைப்புச் சாந்துதான் முதலில் பெயரும், அதன்பின் மழைத்தண்ணி கூரைக்குள் இறங்கும். வெள்ளை நாசிலை ஒரு அடி தள்ளிப் பிடியுங்கள். அதற்கு முன் பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்துப் பத்து நிமிடம் விட்டால் பாசி செத்து, லேசான அழுத்தத்திலேயே வந்துவிடும். அந்தக் கரைசலை மெஷினுக்குள் ஊற்ற வேண்டாம்; பம்ப் சீல் கெடும். கழிவறை ஆசிட்டோடு சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். மாடிப் பாசிக்கென்று ஃபோம் கேனன் வாங்குவது வீண், அது காருக்கு.

சன்ஷேடு கழுவ நீளக் குழாய் வாங்கித் தரையில் நின்றே கழுவுங்கள். ஏணி மேல் நின்று கன்னை அழுத்தினால் அது ஆளைப் பின்னால் தள்ளும். போர் தண்ணியில் மணல் வந்தால் மெஷின் வாயில் ஒரு ஜாலி ஃபில்டர் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நாசில் துளை அடைத்துக்கொள்ளும். அடைத்தால் ஊசியால் குத்தி எடுக்கலாம். உப்புக் கறைக்கு மட்டும் எந்த நாசிலும் உதவாது. ஈரத்தில் நின்று செய்யும் வேலை என்பதால், 15 ஆம்ப் பிளக்கோடு வீட்டு மெயினில் ஆர்சிசிபி (மின்கசிவில் தானே கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.