முள் 120 காட்டுது... கறி ஏன் வேகலை?
புகை டிரம்மில் தெர்மாமீட்டரை எங்கே வைப்பது?

நீலகிரி மாவட்டம், பந்தலூர் தாலுகாவில் கேரள எல்லையை ஒட்டி இருக்கிறது சேரங்கோடு. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம், 1976-ல் டான்டீ கழகமாக மாறியது. அந்தக் கழகத்தின் தோட்டமும் தொழிற்சாலையும் இங்கே உண்டு. தேயிலையோடு சேர்த்து வீட்டுக்குப் பின்னால் நான்கைந்து வெண்பன்றி வளர்க்கும் இந்தப் பகுதி வாசகர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது.

‘200 லிட்டர் டிரம்மில் அடியில் கரி போட்டு, நடுவில் கம்பி வலை வைத்து, பன்றிக் கறியைப் புகை போடுகிறோம். மூடியில் பொருத்திய தெர்மாமீட்டர் 120 டிகிரி காட்டுகிறது. நான்கு மணி நேரம் கழித்து எடுத்தால் மேலே கருத்துப்போய், எலும்பு ஓரம் சிவப்பாகவே இருக்கிறது. தெர்மாமீட்டர் கோளாறா?’

கோளாறு தெர்மாமீட்டரில் இல்லாமல் இருக்கலாம். கறி இல்லாத இடத்தின் சூட்டை அது சரியாகவே சொல்லிக்கொண்டிருக்கலாம்.

கொழுந்து போடுகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். தேயிலைத் தொழிற்சாலையின் பழைய அடுக்குத் தட்டு ட்ரையரில் இரண்டு தெர்மாமீட்டர் இருக்கும். உள்ளே போகிற காற்று 90 முதல் 100 டிகிரி காட்டினால், வெளியே வருகிற காற்று 50-ஐக் கொஞ்சம் தாண்டித்தான் காட்டும். நடுவில் காணாமல் போன சூடு, இலையின் ஈரத்தை ஆவியாக்கப் போய்விட்டது. ஈரமான பொருளுக்கு இந்தப் பக்கம் ஓர் எண், அந்தப் பக்கம் ஓர் எண். உள்ளே போகிற சூட்டை மட்டும் பார்த்து எந்த ட்ரையர்காரரும் தூளை இறக்கமாட்டார்.

புகை டிரம்மிலும் இதே கதைதான். சூடான புகை மேலே ஏறி மூடிக்கு அடியில் தங்குகிறது. மூடியில் இருக்கும் முள் தெர்மாமீட்டரின் தண்டு இரண்டு அங்குலம்தான் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். கறியோ அதற்குக் கீழே, வலையின் மேல் கிடக்கிறது. வலையிலும் எல்லா இடமும் ஒன்றல்ல. கரிக்கு நேர் மேலே மூடியைவிட அதிகச் சூடு இருக்கலாம். குளிர்ந்த பெரிய கறித்துண்டுக்குப் பக்கத்தில் குறைவாக இருக்கலாம். அடுப்பு ஒரு பக்கமும் கறி மறுபக்கமும் இருக்கிற மாதிரி செய்திருந்தால், அடுப்பு ஓரத்துக்கும் தூர ஓரத்துக்கும் நல்ல வித்தியாசம் வரும். ஆகவே மூடி எண்ணிலிருந்து இத்தனை டிகிரி கழித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுவதும் வேலைக்கு ஆகாது.

காற்றுக்கு ஒன்று, கறிக்கு ஒன்று

தேவை இரண்டு ஊசிகள். ஒயரோடு வரும் டிஜிட்டல் தெர்மாமீட்டரில் இரண்டு ஊசி உள்ளதாக வாங்கினால் மூடியைத் திறக்காமலே பார்க்கலாம். திறக்கும் ஒவ்வொரு முறையும் சூடு வெளியேறி, சமையல் நேரம் நீளும்.

முதல் ஊசி காற்றுக்கு. கறி இருக்கும் அதே மட்டத்தில், கறியிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். கறியில் ஒட்டினால் ஈரக் காற்றின் குளிர்ச்சியைக் காட்டும். வலையையோ டிரம் சுவரையோ தொட்டால் இரும்பின் சூட்டைக் காட்டும். கரிக்கு நேர் மேலேயும், தண்ணீர்த் தட்டுக்கு மேலேயும் வேண்டாம். இதற்கான கிளிப் இல்லாவிட்டால், பாதி உருளைக்கிழங்கை வலையில் வைத்து, ஊசியை அதில் குத்தி, முனை மறுபக்கம் ஓர் அங்குலத்துக்கு மேல் வெளியே நிற்கும்படி விட்டால் போதும். இந்த எண் 107 முதல் 135 டிகிரிக்குள் நின்றால் புகை வேலை ஒழுங்காக நடக்கும். ஒயரைத் தணலின் மேல் போகவிடாதீர்கள், எரிந்துவிடும்.

இரண்டாவது ஊசிதான் முக்கியம். துண்டின் மிகத் தடித்த பகுதியில், பக்கவாட்டில் குத்தி, நடுவைத் தாண்டி உள்ளே தள்ளுங்கள். பிறகு மெதுவாக வெளியே இழுங்கள். எண் இறங்கி, மறுபடி ஏற ஆரம்பிக்கும். மிகக் குறைந்த எண் எங்கே வந்ததோ, அதுதான் துண்டின் நடு, அங்கேயே விட்டுவிடுங்கள். எலும்பிலோ கொழுப்புக் கட்டியிலோ முனை பட்டால் எண் பொய்யாகிவிடும். பல துண்டுகள் இருந்தால் பெரிய துண்டில், அதுவும் சூடு குறைந்த மூலையில் இருப்பதில் வையுங்கள். இறக்கும் முன் இன்னும் இரண்டு இடத்தில் குத்திப் பாருங்கள். முள் வகைத் தெர்மாமீட்டர் தண்டின் இரண்டு அங்குல நீளத்துக்கும் சேர்த்து உணர்வதால், மெல்லிய துண்டுக்கு அது உதவாது. வீட்டில் இருக்கும் காய்ச்சல் தெர்மாமீட்டர் 42 டிகிரியோடு நின்றுவிடும். அதுவும் பாதரசக் கண்ணாடியாக இருந்தால் உணவுப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

எந்த எண்ணில் இறக்கலாம்?

முழுத் துண்டு பன்றிக் கறிக்கு உள்சூடு 63 டிகிரி வந்து, இறக்கியபின் மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும், கொத்துக்கறிக்கு 71, கோழிக்கு 74 என்பது அமெரிக்க வேளாண் துறையின் அளவு. ஆனால், கால்நடை மருத்துவர் பார்க்காமல் ஊரிலேயே அறுக்கும் பன்றிக்கு, முழுத் துண்டானாலும் 71 என்று வைத்துக்கொள்வது நல்லது. பன்றிக் கறியில் நாடாப்புழுவின் கட்டிகள் இருக்க வாய்ப்புண்டு. அரைவேக்காட்டில் தின்றால் அது குடலில் வளரும். அதன் முட்டை கை, தண்ணீர் வழியாக வயிற்றுக்குள் போனால் மூளைவரை சென்று வலிப்பு வரவும் காரணமாகிறது. புகை மட்டும் இதைக் கொல்லாது, சூடுதான் கொல்லும்.

நிறத்தை நம்ப வேண்டாம். நன்றாக வெந்த புகைக் கறியிலும் மேல்தோலுக்கு அடியில் இளஞ்சிவப்பு வளையம் நிற்கும். அது புகையால் வருவது. வாசகர் பார்த்த எலும்போரச் சிவப்பு அந்த வகையா, வேகாததா என்பதை ஊசிதான் சொல்லும்.

இன்னொன்று. 65 முதல் 75 டிகிரிக்குள் எண் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நகராமல் நிற்கும். கறியின் ஈரம் ஆவியாகி, வருகிற சூட்டை எடுத்துக்கொள்வதால் அப்படி. பதறிப்போய் கரியை அள்ளிப் போடுவதால்தான் பாதிப் பேருக்கு மேலே கருகுகிறது. அதே சமயம், 5 முதல் 60 டிகிரிக்குள் கறி நான்கு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் கிருமி பெருகும். ஒரு கிலோ அளவுத் துண்டுகளாக வெட்டிப் போட்டால் இந்தச் சிக்கல் குறைவு.

நாகாலாந்தில் அடுப்புக்கு மேலே கறியைத் தொங்கவிட்டு, நாள்கணக்கில் புகையில் உலர்த்துவார்கள். அது வேறு முறை. அங்கே ஈரம் வற்றுகிறது. பிறகு நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். அதைப் பார்த்து, டிரம்மில் குறைந்த சூட்டில் எடுத்த கறியை அப்படியே தின்னலாம் என்று நினைத்துவிடக் கூடாது.

தெர்மாமீட்டர் சரியா என்று பார்க்க, மலையில் கொதிநீரை நம்பாதீர்கள். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். சேரங்கோடு அதைவிடத் தாழ்வு என்றாலும் 100-ஐத் தொடாது. டம்ளர் நிறைய உடைத்த ஐஸ் போட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, ஊசியை நடுவில் பிடியுங்கள். பூஜ்ஜியம் காட்ட வேண்டும். ஒரு டிகிரி முன்பின் இருந்தால் பரவாயில்லை. பச்சைக் கறியில் குத்திய ஊசியைச் சோப்பு போட்டு வெந்நீரில் கழுவிய பிறகே அடுத்த துண்டில் குத்த வேண்டும். ஊசியில் படியும் புகைக்கரியையும் அவ்வப்போது துடைத்துவிடுங்கள்.

இப்படிச் சூடாகப் புகை போட்ட கறி, உலர்கறி அல்ல. இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்று நான்கு நாளில் முடித்துவிட வேண்டும். விற்பதாக இருந்தால், டிரம் செய்யும் முன்பே உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.